கடைசி நாளில் ஒதுக்கப்பட்ட டர்பன்

குழுவாக வெளிநாட்டுச் சுற்றுலா போகிறவர்களுக்குப் பயணத் திட்டம் என்று ஒரு தாளைக் கொடுப்பார்கள். முதல் நாட்களுக்கெல்லாம் அதில் பத்தி பத்தியாக வருணனை இருக்கும். கடைசி நாளுக்கு மட்டும் இரண்டு வரியோடு சரி. எங்கள் தென்னாப்பிரிக்கப் பயணத் தாளும் அதற்கு விலக்கில்லை. குரூகர் தேசியப் பூங்காவின் சிங்கத்துக்கும் யானைக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பிளைடு ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இன்னோர் அரைப் பக்கம். கடைசி நாளுக்கு, காலை உணவுக்குப் பின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம், அதன்பின் டர்பன் நகர உலா, மாலையில் விமான நிலையம் என்று முடித்துவிட்டார்கள். தமிழர்களே நிறைந்த ஒரு பேருந்து, 1860-ஆம் ஆண்டிலிருந்து தமிழர்கள் வாழ்ந்துவரும் ஒரு நகரத்துக்குள் நுழைவதே ஊர் திரும்பும் நாளில்தான் என்பது, சென்னையில் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோதே எனக்கு உறுத்தியது. பயணம் முடிந்த பிறகு அந்த உறுத்தல் அதிகமானதே தவிரக் குறையவில்லை.

கடைசி நாளின் கணக்கு எப்போதும் பின்னோக்கிப் போடப்படுவது. விமானம் மாலை ஆறரை மணிக்கு என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். வாங்கிய பொருட்களுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற நினைப்பவர்கள் அதற்கும் அரை மணி முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வடக்கே லா மெர்சி என்ற இடத்தில் இருப்பதால், சாலை நெரிசலையும் சேர்த்து ஒரு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். ஆக, பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் நகரத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து 80 கிலோமீட்டர் வந்து டர்பனைத் தொடுவதற்கே பத்தரை மணி ஆகிவிடும் என்பதால், மதிய உணவு நேரத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரு பெருநகரத்துக்கும் அதன் நூற்றறுபது ஆண்டுத் தமிழ் வரலாற்றுக்கும் சேர்த்துக் கையில் நிற்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு.

அன்று காலை விடுதி முற்றத்தில் நடந்ததைப் பார்த்திருந்தால், சுற்றுலா அங்கேயே முடிந்துவிட்டது என்று யாரும் நினைத்திருப்பார்கள். நாங்கள் வந்த பேருந்தின் பின்னால் பெட்டிகளுக்கென்றே ஒரு டிரெய்லர் பூட்டியிருந்தது. அதன் கதவுக் கொக்கியில் ஈரோட்டுக்காரர் ஒருவர் தம் கைத்தராசை மாட்டிவைத்து, வருகிறவர் போகிறவருடைய பெட்டியையெல்லாம் தூக்கி நிறுத்தி எடை சொல்லிக்கொண்டிருந்தார். அதிகப்படியாக இருந்தவர்கள் அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்து, ஒரு பெட்டியின் செருப்பை இன்னொரு பெட்டிக்கும், சொந்தப் பெட்டியின் தேயிலைப் பொட்டலத்தை அறிமுகமான சில நாட்களேயான பக்கத்து இருக்கைக்காரரின் பெட்டிக்கும் மாற்றினார்கள். மலைச்சாலையோரக் கடையில் ஓர் அம்மாள் பேரம் பேசி வாங்கிய மர ஒட்டகச்சிவிங்கி, இடுப்பளவு உயரத்தில், எந்தப் பெட்டிக்கும் அடங்காமல் நின்றது. அவர் கணவரின் பழைய வேட்டியால் அதன் கழுத்திலிருந்து கால்வரை சுற்றிக் கட்டினார்கள். எங்களுடன் வந்த சமையற்காரர், மிச்சமிருந்த அரிசியையும் பாசிப்பருப்பையும் மிளகையும் ஒன்றாகப் போட்டு வெண்பொங்கலாக்கித் தீர்த்துவிட்டார். ஜூன் மாதத்துக் குளிரில் அந்தப் பொங்கலுக்கு ஈடாக விடுதிக்காரர்களின் மேசையில் எதுவுமே இல்லை என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். அவருடைய மின்சாரக் குக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை: தென்னாப்பிரிக்காவின் சுவரில் இருப்பது நம் வீட்டு ஏ.சி.க்கும் கிரைண்டருக்கும் போடுகிற அதே பெரிய மூன்று உருண்டை முள் பிளக்குக்கான துளை என்பதால், அடாப்டருக்கு அலையாமல் பயணம் முழுவதும் அது சோறு வடித்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம் சிவப்புச் செங்கல் கட்டடம். 1893 ஜூன் 7-ஆம் நாள் இரவு, முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் காந்தி இங்கேதான் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார் என்று நடைமேடையில் ஒரு பலகை சொல்கிறது. நாங்கள் போனதும் அதே ஜூன் மாதம்; காலை வெயிலிலேயே விரல்கள் விறைத்தன, விளக்கில்லாத காத்திருப்பு அறையில் மேலங்கியில்லாமல் ஓர் இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை. பலகைக்குக் கீழே நின்று படமெடுத்துக்கொள்ள வரிசை போட்டார்கள். கடைசியாக எல்லாரையும் நிறுத்தி ஒரு குழுப் படம் எடுத்தவுடன், எங்களை அழைத்துவந்த சுற்றுலா நிறுவனத்தின் மேலாளர் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டார்.

மாயவரத்துக்காரியான எனக்கு அந்த ஊரில் பார்க்க இன்னொன்று இருந்தது. தில்லையாடி எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வருகிற தூரம். வள்ளியம்மையின் குடும்பத்துப் பூர்வீகம் அது. அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். காந்தி நடத்திய 1913-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் கைதாகி, கடுங்காவல் தண்டனை பெற்று அவர் அடைபட்டுக் கிடந்தது இதே பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில்தான். காய்ச்சலோடு வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்துபோனார். கஸ்தூரிபாவும் 1913-இல் அதே ஊர்ச் சிறையில் இருந்தவர். ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட வழக்கறிஞரைப் பற்றி இருபது நிமிடம் பேசிய எங்கள் வழிகாட்டி, அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வாக்கியமும் சொல்லவில்லை. பேருந்து கிளம்பியதும் மைக்கை வாங்கி நானே சொன்னேன். பின்னிருக்கையில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் இருவர் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதி இருக்கிறது என்றதும், நாம் அந்த ஊரில்தானே வந்து இறங்கினோம் ஆன்ட்டி, அப்போதே ஏன் போகவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி. பதிலை மேலாளர் தம்பிதான் சொல்ல வேண்டும். அவர் அந்த நேரம் கவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

கவர் என்றால் அன்பளிப்புக் கவர். ஓட்டுநருக்கு இவ்வளவு, வழிகாட்டிக்கு இவ்வளவு என்று தலைக்கும் நாளுக்கும் கணக்கிட்டு டாலரில் தர வேண்டும் என்பது திட்டத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததாம். மடியில் தூங்கும் குழந்தையும் ஒரு தலையா என்று ஒரு குடும்பம் கேட்டது. தங்களிடம் டாலர் தீர்ந்துவிட்டது, ராண்டாகத் தரலாமா என்று இன்னொரு குடும்பம் கேட்டது. சமையற்காரருக்கு யாரும் கவர் வைக்கவில்லையே என்று ஈரோட்டுக்காரர் கேட்டபோது பேருந்தே ஒரு கணம் அமைதியாகிவிட்டது. பிறகு அவரே தம் தொப்பியைக் கழற்றி இருக்கை இருக்கையாகக் கொண்டுபோனார். இந்தப் பணத்தை முன்பணத்தோடு சேர்த்து ஊரிலேயே வாங்கிவிட்டால் நிறுவனத்துக்கு என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. பயணக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டும் ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்குப் படவில்லை. அதற்குப் பின் வழக்கமான கடைசி நாள் சடங்குகள் நடந்தன. ஒவ்வொரு குடும்பமாக மைக்கில் வந்து நன்றி சொன்னது, இரண்டு பேர் கண்கலங்கினார்கள், பொங்கல் சமயத்தில் எல்லாரும் திருச்சியில் கூடுவது என்று முடிவாயிற்று. கூடமாட்டோம்.

என்-3 நெடுஞ்சாலை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற சாலை. டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துக்குப் போகிற சரக்கெல்லாம் ஏறக்குறைய இதன்மேல்தான் போகிறது போலும். எதிர்த்திசையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேடேறி முனகிக்கொண்டே இருந்தன. மரியன்ஹில் சுங்கச் சாவடியைத் தாண்டியதும் குளிர் விட்டது. ஸ்வெட்டர்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம்.

டர்பனுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி நகர எல்லையில் ஏறினார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மையார். மஞ்சள் பருத்திச் சேலை, ஓடுகிற காலணி, கையில் வெண்கல வளையல். குடும்பப் பெயரைச் சொன்னதுமே நம் பக்கத்தவர் என்பது தெரிந்துவிட்டது. வணக்கம் சொல்வதும் கோயில் பாட்டும் தவிர அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். மேலாளர் தம்பி மொழிபெயர்த்தார், சில இடங்களில் தம் சொந்தச் சரக்கையும் சேர்த்தார். ஏறிய ஐந்தாவது நிமிடத்திலேயே எல்லாரும் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் மூன்று இடங்களைச் சொல்லி, நேரம் இரண்டுக்குத்தான் இருக்கிறது, நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்றார்: கடற்கரை, சந்தை, கோயில். காந்தி 1904-இல் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பை நான் கேட்டேன். அதற்கு அரை நாள் தனியாக வேண்டும், விமானம் உங்களுக்காக நிற்காது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். கை தூக்கிப் பார்த்ததில் சந்தை வென்றது. கோயிலும் கடற்கரையும் சமமாக வந்தன. கோயிலுக்கு அரை மணி, கடற்கரையில் இறங்கிப் படம் எடுக்கப் பத்து நிமிடம் என்று அக்காவே பஞ்சாயத்துச் செய்து முடித்தார்.

கேட்டோ மேனரில் இருக்கும் அம்பலவாணர் ஆலயத்துக்குப் போனோம். உம்பிலோ ஆற்றங்கரையில் தமிழர்கள் முதலில் கட்டிய கோயில் 1905-ஆம் ஆண்டு வெள்ளத்தில் போய்விட, 1947-இல் எழுந்தது இப்போதிருக்கும் கோயில். பழைய கோயிலிலிருந்து காப்பாற்றிய கதவுகள் இங்கே பொருத்தப்பட்டிருக்கின்றன. இளைத்துக் கறுத்த மரத்தில் செதுக்கிய அந்தக் கதவுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் எங்கள் குழுவில் பலர். சந்நிதிக்கு எதிரே ஒரு பெரியவர் சம்மணமிட்டு அமர்ந்து, தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். அவர் மடியில் விரிந்திருந்த புத்தகத்தில் பாட்டு முழுவதும் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தது. நம் ஓதுவார்கள் நீட்டும் இடத்தில் அவர் குறுக்கினார், குறுக்கும் இடத்தில் நீட்டினார். ஆனால் ஒரு பதிகத்தைப் பதினோராவது பாட்டுவரை விடாமல் பாடினார், எங்களில் முதல் பாட்டைத் தாண்டியவர் கும்பகோணத்து மாமி ஒருவர் மட்டுமே. தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகள் என மதித்து வளர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் தமிழின் பெயர் இருக்கிறது. சட்டத்தில் இருப்பதைவிட அந்தப் பெரியவரின் மடியில் அது உறுதியாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

கோயிலைச் சுற்றி வீடுகள் அடர்ந்திராததற்குக் காரணத்தையும் அக்கா சொன்னார். கேட்டோ மேனர் முழுவதும் ஒரு காலத்தில் கூலி ஒப்பந்தத்தில் வந்து அது முடிந்த தமிழர்களும் மற்ற இந்தியர்களும் காய்கறித் தோட்டம் போட்டிருந்த நிலம். அவர்களோடு ஆப்பிரிக்கர்களும் பெருந்தொகையாகக் குடியிருந்தார்கள். இனவாரியாக வசிப்பிடம் பிரிக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் எல்லாரையும் கிளப்பினார்கள். இந்தியர்கள் சாட்ஸ்வர்த்துக்கும் பிறகு பீனிக்ஸுக்கும் போனார்கள், ஆப்பிரிக்கர்கள் குவாமாஷுவுக்குப் போனார்கள். வீடுகளை இடித்தவர்கள் கோயில்களை விட்டுவைத்ததால், குடிபெயர்ந்த குடும்பங்கள் திருவிழாவுக்கு மட்டும் பேருந்து பிடித்து வந்துபோயின. புனித வெள்ளியன்று இங்கே நடக்கும் திரௌபதி அம்மன் தீமிதிக்கு இன்றும் அப்படித்தான் கூட்டம் சேர்கிறது. ஈஸ்டர் விடுமுறையில்தான் கரும்புத் தோட்டங்களில் வேலை நின்றது, அதனால் நம் தீமிதியும் அந்த நாளுக்கு வந்து சேர்ந்தது என்பது அக்காவின் விளக்கம். இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஜூலு ஓட்டுநர், பயணம் முழுவதும் வழியைத் தவிர வேறெதுவும் பேசாதவர், தம் பாட்டி வீடும் இதே மேட்டில்தான் இருந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் புல் வளர்ந்திருந்தது. இப்போது குடும்பம் குவாமாஷுவில் இருப்பதாகவும் அன்றிரவு அங்கேதான் தங்கப்போவதாகவும் சொன்னார்.

மறுபடி பேருந்தில் ஏறியதும் அக்கா 1860-ஐத் தொடங்கினார். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று 342 பேருடன் இந்தத் துறைமுகத்தில் வந்து நின்றது. 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர், அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், தொடக்கக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் எழுதாமலும் தங்குகிறவர்களுக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி என்று 1895-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது அந்தத் தொடக்கக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். வள்ளியம்மை சிறைக்குப் போன போராட்டத்தின் முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று இந்த வரியை நீக்குவது. 1914-இல், அவர் இறந்த சில மாதங்களில், அது நீங்கியது.

கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுக்கா, ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று ஆங்கிலேயர்கள் பதிந்துவைத்த பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வரிசையில் இருந்த வாணியம்பாடி அம்மாள் எழுந்து நின்றார். பயணம் முழுவதும் சன்னலோரம் உட்கார்ந்து சுலோகப் புத்தகம் படித்துக்கொண்டு வந்தவர். தம் தாத்தாவின் சித்தப்பா ஒருவர் நேட்டாலுக்குப் போனவர் என்றும், இரண்டு முறை பணம் வந்தது, பிறகு ஒரு தகவலும் இல்லை என்றும், வீட்டில் திதி கொடுக்கும்போது அவர் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒவ்வோர் ஆண்டும் பேச்சு வரும் என்றும் சொன்னார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று மேலாளர் தம்பி கேட்டார். நேட்டால் என்பது இந்த ஊர்தான் என்று இப்போதுதானே தெரிகிறது என்றார் அந்த அம்மாள்.

அக்கா நிதானமாகவே பதில் சொன்னார். டெர்பி தெருவில் 1860 மரபு மையம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்கலாம். ஆனால் முனுசாமி என்றும் வீராசாமி என்றும் ராமசாமி என்றும் பட்டியலில் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். தந்தை பெயரும் தாலுக்காவும் ஊரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் தெரிந்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும். அம்மாளுக்குப் பெயரும் ஊரும் தெரிந்திருந்தன. தந்தை பெயர் நினைவில் வரவில்லை. மையத்துக்குப் போக நேரமும் இல்லை. சுலோகப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து, தெரிந்ததை எழுதி, தம் தொலைபேசி எண்ணோடு அக்காவிடம் கொடுத்தார்.

விக்டோரியா தெருச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மசாலாத் தூள்களைச் சிவப்பும் மஞ்சளுமாகக் குவித்து வைத்து, ஒவ்வொன்றின்மேலும் பெயர்ச்சீட்டுக் குத்தியிருக்கிறார்கள். இருப்பதிலேயே காரமானதற்கு மாமியார் ஒழிப்பான் என்று பெயர், எங்கள் குழுவில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் மாமியார்களே. பழைய சந்தை 1973-இல் எரிந்துபோன பிறகு கட்டியது இது. மணிமாலைக்கும் முரசுக்கும் ஜோகன்னஸ்பர்க்கைவிட விலை குறைவு என்பது என் கணிப்பு.

சாப்பாடுதான் என்னைக் கோபப்படுத்தியது. நம் ஊர்க் குழம்பு நூறாண்டுகளுக்கு மேல் இங்கே தங்கி, தக்காளியும் மிளகாயும் கூடித் தனக்கென்று ஒரு நிறமும் மணமும் எடுத்திருக்கிற நகரத்தில், நிறுவனத்தார் எங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தது பன்னீர் பட்டர் மசாலாவும் நானும் போடுகிற ஓர் உணவகத்தில். அக்காவிடம் சொல்லிச் சிலர் மட்டும் நழுவி, அடுத்த தெருவில் பீன்ஸ் பன்னி சௌ வாங்கினோம். கால் ரொட்டியை நிமிர்த்தி வைத்து, உள்ளிருக்கும் மென்மையான பாகத்தைத் தோண்டி எடுத்து, பள்ளத்தில் அவரைப் பருப்புக் குழம்பைத் தளும்பத் தளும்ப ஊற்றி, தோண்டியெடுத்ததையே மேலே மூடியாக வைத்துத் தருகிறார்கள். முதலில் மூடியைக் குழம்பில் தொட்டுத் தின்ன வேண்டும். பிறகு ஓரத்தை மேலிருந்து கீழாகப் பிய்த்துக்கொண்டே வர வேண்டும். அவசரப்பட்டு அடியைப் பிய்த்தால் குழம்பு முழங்கைக்கு வழியும். சுற்றியிருந்த காகிதம் ஊறிப்போகும் நேரத்தில் அடிப்பாகத்து ரொட்டி குழம்பைக் குடித்துவிட்டுக் கொழகொழவென்று இருக்கும். எல்லாவற்றிலும் ருசி அதுதான். ஸ்பூன் கேட்ட ஒருவரைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

கடற்கரையில் பத்து நிமிடம் என்றது ஐந்தாகச் சுருங்கியது. விமான நிலையத்துக்குப் போகும் என்-2 சாலையில் இருபுறமும் கட்டடங்கள் ஓய்ந்து கரும்பு தொடங்குகிறது. வெட்டுக்காலம் என்பதால் தொலைவில் ஒரு வயலில் சோகை எரிக்கிற புகை எழுந்துகொண்டிருந்தது. மவுன்ட் எட்ஜ்கம்ப் என்ற பெயர்ப்பலகை வந்தபோது அக்கா இடப்பக்கம் காட்டி, கரும்பாலைத் தொழிலாளிகள் எழுப்பிய சுப்பிரமணியர் கோயில் அந்தப் பக்கம் இருக்கிறது என்றார். பீனிக்ஸும் இனாண்டாவும் அதற்கப்பால். காந்தி இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையை அச்சிட்டது அங்கே. அந்தப் பத்திரிகை 1903-இல் தொடங்கியபோது தமிழ்ப் பகுதியும் அதில் இருந்தது. மண்டேலா 1994-இல் தம் முதல் வாக்கைப் போட்டது இனாண்டாவில், ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளியில். இவ்வளவும் ஒரே சாலையின் ஒரே பக்கத்தில் இருக்க, பேருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோயிற்று.

இலையை மடிக்கப்போகும் நேரத்தில் பாயசம் பரிமாறுகிற இந்த ஏற்பாட்டுக்கு நிறுவனத்தார் சொல்லும் காரணம், ஜோகன்னஸ்பர்க்குக்கு விமானங்கள் அதிகம், அதனால் அங்கே இறங்கி டர்பனில் ஏறுவதே வசதி என்பது. டர்பனில் ஏற விமானம் இருக்கிறது என்றால், வந்து இறங்கவும் இருக்கத்தானே வேண்டும்? பேருந்துக் கணக்கும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. எங்களை இறக்கிவிட்ட பேருந்து மறுநாள் ஏறத்தாழ 570 கிலோமீட்டர் காலியாக ஜோகன்னஸ்பர்க்குக்குத் திரும்பும், அந்த ஓட்டத்துக்கான டீசலும் எங்கள் கட்டணத்தில்தான் இருக்கிறது. வழியைத் தலைகீழாக்கினால் அதே காலி ஓட்டம் முதல் நாளுக்கு முந்தைய நாளில் வரும், அவ்வளவுதான் வேறுபாடு. டர்பனில் இறங்கி முதல் இரண்டு நாளை அங்கே வைத்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக மேலேறி, குரூகரை முடித்துக்கொண்டு ஜோகன்னஸ்பர்க்கில் கடைசி நாளை வைத்தால், அங்கே பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைக்கு அரை மணி ஒதுக்கினாலே போதும். மீதி நேரத்தைக் கடைவீதிக்கு விட்டுவிடலாம், கடைசி நாளில் மக்கள் விரும்புவதும் அதைத்தான். உண்மையான காரணம் விளம்பரம் என்று நான் நினைக்கிறேன்: சிங்கத்தின் படம் முன்பக்கத்தில் இருந்தால்தான் தாளைத் திறந்து பார்ப்பார்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள். கருத்துப் படிவத்தில் இதையெல்லாம் எழுதிப் பேருந்திலேயே கொடுத்தேன். மேலாளர் தம்பி படித்துவிட்டு, நியாயம்தான் ஆன்ட்டி, ஆனால் அடுத்த சீசனுக்கான தாள் அச்சாகிவிட்டது என்றார்.

இனிப் போகிறவர்களுக்கு விமான நிலையத்தைப் பற்றி ஒரு குறிப்பு. வாங்கிய பொருட்களின் மொத்த விலை 250 ராண்டுக்கு மேல் இருந்தால், கட்டிய 15 விழுக்காடு வாட் வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன்பே பொருளையும் வரி விவரம் அச்சான ரசீதையும் அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கட்டிய வரி திரும்பாது. தோல் பையும் நகையும் வாங்கியவர்களுக்குக் கணிசமாகவே கிடைத்தது. ஒட்டகச்சிவிங்கி அம்மாளுக்குச் சாலையோரக் கடையில் ரசீது என்று எதுவும் கொடுக்கவில்லை. விமான நிறுவனத்தார் அதைத் தனிப் பெட்டகப் பொருளாகக் கணக்கிட்டுப் பணம் கேட்டபோது, ஈரோட்டுக்காரர்தான் தலையிட்டு, உடைபடும் பொருள் என்று ஒட்டி வாங்கிக் கொடுத்தார். பணத்திலிருந்து தப்ப முடியவில்லை.

துபாயில் குழு கலைந்தது. சென்னைக்காரர்களுக்கு ஒரு வாயில், பெங்களூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேறு வாயில்கள், எதிர்ப்படும்போதெல்லாம் கையசைத்துக்கொண்டோம். வாணியம்பாடி அம்மாள் சென்னை விமானத்துக்கான இருக்கை வரிசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நிலையத்து வைஃபையில், ஊரிலிருக்கும் தம் பெரியப்பாவை அழைத்துக்கொண்டிருந்தார். அங்கே விடிந்துவிட்டிருந்தது. பெரியப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் பக்கத்து வாயில் வரைக்கும் கேட்கிற குரலில், "நேட்டாலுக்குப் போனாரே, அவரோட அப்பா பேரு என்ன பெரியப்பா? நம்ம தாலுக்கா அப்போ திருப்பத்தூரா, இல்ல வேலூரா?" என்று கேட்டுக்கொண்டே, என்னிடம் பேனா இருக்கிறதா என்று கையால் சைகை செய்தார்.